இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஹார்வெல் சிட்டி, அமெரிக்கா
14 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி லோஜனாவுக்கு,

நீயும் மச்சான் கௌசிகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி கரைந்துவிட்டது. அண்ணிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. எனக்கு வலது காது இப்போது முழுதாகவே கேட்பதில்லை. இருபத்தைந்து வருடம் அறுபதாயிரம் பேரின் கூச்சலுக்கு நடுவில் நின்றவனுக்கு வேறென்ன நடக்கும்? அதனால்தான் நீ போன் எடுத்தாலும் நான் மின்னஞ்சலில் பதில் எழுதுகிறேன். கோபிக்காதே.

ஒரு சந்தோசமான செய்தி. எங்கள் கிரேன்ஸ் அணிக்கு இந்த வருடம் ஐம்பது வயது. ஒரு சீமெந்து வியாபாரி 1974இல் தொடங்கிய அணி. முதல் ஒன்பது வருடமும் தோல்விதான். டிக்கெட்டைச் சும்மா கொடுத்தாலும் சனம் வராதாம். நான் 91இல், ஆட்டக்காரரின் காயம் பார்க்கும் பிசியோவுக்கு உதவியாளனாகச் சேர்ந்தபோதும் கடைசியிலிருந்து இரண்டாவது இடம். 97இல் முதன்முதலாக அரையிறுதி. அதன் பிறகு இரண்டு தடவை கிண்ணம். இந்தக் கதை முழுவதையும் நானூறு பக்கத்தில் ஒரு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். உனக்கு ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

212ஆம் பக்கத்தைப் பார். அரைப் பக்கத்துக்கு உன் அண்ணன் நிற்கிறான். பந்தைக் காலால் தொடாத இந்த அமெரிக்கக் கால்பந்தின் சரித்திரத்தில் ஒரு யாழ்ப்பாணத்தானுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. மச்சானுக்குக் காட்டு.

இருவரும் உடம்பைக் கவனியுங்கள்.
அன்புடன்,
ஜெயரட்ணம் அண்ணா


தகனினி, ஒக்லாந்து
12 மே 2024

அன்பின் அண்ணாவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது, விடிய மோட்டர்வேயில் பனிப்புகாருக்குள் ஊர்ந்து ஊர்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன். அண்ணியை வெந்நீர் ஒத்தடத்தை விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புத்தகம் வந்தது. என்ன பாரம்! கௌசிகன் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார், இரண்டே கால் கிலோ. முதலில் உங்கள் பக்கத்தைத்தான் திறந்தோம். மீசையும் கழுத்தில் துவாயுமாக நல்லாகத்தான் நிற்கிறீர்கள். கீழே நீங்கள் பேட்டியில் சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: "காயப்பட்ட ஒருவரையும் நாங்கள் திரும்பக் களத்தில் இறக்கியதில்லை." கௌசிகன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "உன்ர அண்ணன் பெரிய ஆள்தான்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

வேலையிடத்தில் காட்டுவோம் என்று கொண்டுபோனேன். அங்கே ஒரு அதிசயம் நடந்தது, கேளுங்கள். நான் தாதியாக இருக்கும் முதியோர் இல்லத்தில் மறதி நோய்க்காரருக்குத் தனிப் பகுதி ஒன்று உண்டு. அதில் செமிசி என்று ஒரு தொங்கா நாட்டுக்காரர். இங்கே பக்கத்தில் மாங்கெரேயில் வளர்ந்தவர். மற்றவர்கள் எல்லாம் எண்பது தாண்டியவர்கள். இவருக்கு ஐம்பத்து மூன்று. வாசல் நிலையில் தலை முட்டும் உயரம். மேசையில் கிடந்த புத்தகத்தின் அட்டையில் உங்கள் அணியின் நாரைச் சின்னத்தைக் கண்டதும் எழும்பி வந்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டுக்குக்கூட எடுக்க விடவில்லை.

பின்னேரம் வந்த அவருடைய மனைவி மெலே சொல்லித்தான் தெரியும், அவர் ஐந்து வருடம் உங்கள் அணியில் விளையாடியவராம்! இருவரும் ஆசையோடு பெயரைத் தேடினோம். 148ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. "அரையிறுதிக்கு ஆறு நாள் இருக்கையில் எவரிடமும் சொல்லாமல் அணியைக் கைவிட்டுப் போனார்."

மெலே புத்தகத்தை மூடிவிட்டார்.

"கைவிட்டுப் போனவரோ? அந்த ஆறு நாளும் இவர் ஆஸ்பத்திரியில கண் திறக்கேல்லை, லோஜனா. நான் பக்கத்தில இருந்தனான். களத்தில அடிபட்டு விழுந்த மனுசனை ஓடிப்போனவன் எண்டு எழுத இவங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

எனக்கும் கொதித்தது. அண்ணா, நீங்கள் அந்தக் காலத்தில் அங்கேதானே இருந்தீர்கள். செமிசியை ஞாபகம் இருக்கிறதா? உண்மையில் என்ன நடந்தது? நோயாளியின் கதையை நானாக வெளியில் சொல்வதில்லை. உங்களுக்கு எழுதச் சொன்னதே மெலேதான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
உங்கள் தங்கச்சி,
லோஜனா


ஹார்வெல் சிட்டி
20 மே 2024

அன்புள்ள லோஜி,

உன் கடிதம் கண்டோம். நாங்கள் இருவரும் சுகம். ஒத்தடம் கொடுக்கிறோம். பின்வளவில் தக்காளி வைத்திருக்கிறேன். போன முறை அணில் தின்ற மாதிரி இந்த முறையும் ஆகாமல் வலை கட்டியிருக்கிறேன். மச்சானுடைய பிரஷர் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்.

நீ கேட்டது பற்றி. வருடத்துக்கு ஐம்பது ஆட்டக்காரர், இருபத்தைந்து வருடம். எல்லாரையும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியுமா? அந்த நோய் உள்ளவர்களின் வீட்டார் பழையதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது வழமை. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள். அந்த மனிதருக்கு வீணாக மனக்குழப்பம்.

அன்புடன்,
அண்ணா


தகனினி
9 ஜூன் 2024

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் தக்காளியை அணில் விட்டுவைத்ததா? இங்கே கௌசிகன் உப்பைக் குறைத்துவிட்டார், ஊறுகாயை மட்டும் கூட்டியிருக்கிறார்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். முடியவில்லை. செமிசி காலையில் எழும்பியதும் அதைத்தான் தேடுகிறார். முந்தாநாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு போனவர் உங்கள் படத்தில் நின்றுவிட்டார். விரலை வைத்து, "ரட்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நல்ல தெளிவாக, "இவர் ரட். என்ர சிநேகிதன்" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது அண்ணா. சில நாட்களில் மனைவியின் பெயரே வராத மனிதர்! நீங்கள் மறந்திருக்கலாம், அவர் உங்களை மறக்கவில்லை.

மெலேயிடம் சொன்னேன், ரட் என்பது என் சொந்த அண்ணன் என்று. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்த ஊரில எங்கட வாசலுக்கு வந்து சாப்பாடு தந்த ஒரே மனுசன் அவர்தான். நண்டுக் கறி. உறைப்பில செமிசி அழுதழுது சாப்பிட்டவர்" என்று சிரித்தார். உங்களைப் பற்றி எவ்வளவு சொன்னார் தெரியுமா? இனியாவது ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

மெலே கழகத்துக்கு எழுதப் போகிறார், அந்த வரியைத் திருத்தச் சொல்லி. நீங்களும் ஒரு சொல் சொன்னால் நல்லது.

பதிலைப் பார்த்திருப்பேன்.
லோஜனா


தகனினி
28 ஜூலை 2024

அன்பின் அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று அண்ணி வாட்ஸ்அப்பில் சொன்னதால் அது தெரியும். நீங்கள் ஏழு கிழமையாக ஏன் எழுதவில்லை என்பதுதான் தெரியவில்லை.

கழகத்திலிருந்து மெலேக்குப் பதில் வந்தது. மூன்று வரி. "எங்கள் ஆவணங்களின்படி உங்கள் கணவர் தாமாகவே விலகினார். அவருடைய பங்களிப்பை மதிக்கிறோம். எங்கள் ஐம்பதாவது ஆண்டில் எங்களோடு இணைந்து கொண்டாடுங்கள்." கொண்டாட வேண்டுமாம்! அந்த மனிதருக்கு நான் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுகிறேன். கரண்டியைப் பிடிக்கும் பக்கம் எது என்று காட்டுகிறேன். கடிதம் எழுதியவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னோடு வேலைக்கு வரச் சொல்லுங்கள். கொண்டாடலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த வருடம் மெலே இருபத்து நாலு வயதுப் பெட்டை, கையில் ஆறுமாதக் குழந்தை. இவரைக் கூட்டிக்கொண்டு ஒக்லாந்துக்குத் திரும்பி வந்தபோது, அவர் ஓடிவந்துவிட்டார் என்ற கதை முதலே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. தேவாலயத்தில் ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லையாம். பிறகு மூத்த மகன் ரக்பி விளையாடப் போன இடத்தில், "உன்ர அப்பரைப் போல நீயும் பாதியில ஓடுவியோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அதோடு விளையாட்டையே விட்டுவிட்டான். இருபத்தேழு வருடம் அண்ணா. ஒரு குடும்பம் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறது.

அங்குள்ள ஆஸ்பத்திரியில் அவருடைய பழைய மருத்துவக் கோவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி மெலேக்கு இருப்பது சாட்சி மட்டும்தான். நீங்கள் அங்கே வேலை செய்தவர். "அவர் ஓடவில்லை, அடிபட்டார்" என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது போதும்.

லோஜனா


ஹார்வெல் சிட்டி
3 ஆகஸ்ட் 2024

லோஜி,

நாங்கள் சுகம்.

இதில் நீ தலையிடாதே. நான் ஓய்வுபெறும்போது, கழகத்தின் உள்விவகாரங்களை வெளியில் பேசுவதில்லை என்று கையெழுத்து வைத்தவன். அந்தச் சம்பவத்தின்போது நான் வெறும் உதவியாளன், முடிவெடுத்தது மற்றவர்கள். பதினொரு நாளும் அவரை நல்ல ஆஸ்பத்திரியில்தான் வைத்திருந்தார்கள். அந்தக் காலம் அப்படி. தலையில் அடிபடுவதை அப்போது ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. உன் வேலைக்கும் இது நல்லதல்ல.

கௌசிகனைக் கேட்டதாகச் சொல்.
அண்ணா


தகனினி
4 ஆகஸ்ட் 2024

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை.

பதினொரு நாள் என்று நான் எழுதவே இல்லை. மெலே ஆறு நாள் கண் திறக்கவில்லை என்று சொன்னதைத்தான் எழுதினேன். இன்றைக்குக் காலை அவரிடம் கேட்டேன், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று. "பதினொண்டு" என்றார். பிறகு கேட்டார்: "உனக்கு ஏன் அது?"

நான் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

மே மாதத்தில் செமிசியை ஞாபகமில்லை என்றீர்கள். ஆகஸ்டில் அவர் எத்தனை நாள் படுத்திருந்தார் என்று எண்ணிச் சொல்கிறீர்கள். இடையில் என்னைக் கொண்டு அந்த மனுசியைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தீர்கள். "கூட்டிக் குறைத்துச் சொல்வது வழமை." உங்கள் வசனம்தான், திரும்ப எடுத்து வாசியுங்கள்.

நான் வேலையிடத்தில் ரட் என்ர அண்ணன், ரட் என்ர அண்ணன் என்று பெருமை பேசித் திரிந்தேன். அது என்ன பெருமை என்று எனக்குத் தெரிய வேண்டும். என்ன நடந்தது? நீங்கள் எங்கே நின்றீர்கள்? என்ன செய்தீர்கள்?

லோஜனா


ஹார்வெல் சிட்டி
22 செப்டம்பர் 2024

லோஜி,

சுகமா என்று கேட்க எனக்கும் முகமில்லை. இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதி அழித்தேன்.

1997 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வென்றால் அரையிறுதி. மூன்றாவது கால்பகுதியில் செமிசியும் எதிரணி ஆள் ஒருவனும் நேருக்கு நேர் மோதினார்கள். ஹெல்மெட்டோடு ஹெல்மெட். அந்தச் சத்தம் எல்லைக் கோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. செமிசி எழும்பினான். எழும்பி நேரே எதிரணியினர் இருந்த வாங்குக்கு நடந்து போனான். சனம் சிரித்தது.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினேன். வழமையான கேள்விகளைக் கேட்டேன்.

"இது எந்த ஊர், செமிசி?"

"ஒக்லாந்து."

"இண்டைக்கு என்ன கிழமை?"

யோசித்தான். "நாளைக்குத் தேவாலயம்" என்றான். கண்மணி ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. பிசியோ வேலை தெரிந்த எவனுக்கும் அதற்கு மேல் கேள்வி தேவையில்லை.

தலைமைப் பிசியோவிடம் போய், "இவன் இனி இறங்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும்" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டே, "அவன் நடக்கிறானா? அப்ப தாளில கையெழுத்தைப் போடு. உன்ர கிரீன் கார்டுக்கு ஆர் கடிதம் குடுக்கிறது, ரட்?" என்றார்.

அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். நீ ஊர்ச் சண்டைக்குத் தப்பிவந்து, நான் அனுப்பும் காசில் கொழும்பு லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு பொலிஸ் பதிவுக்கு ஓடிக்கொண்டிருந்தாய். என் வேலை போனால் நானும் அண்ணியும் நீயும் எங்கே போவது என்று நினைத்தேன். உன் தலையில் போடச் சொல்லவில்லை. என் தலைக்குள் என்ன ஓடியது என்பதைச் சொல்கிறேன்.

தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். "விளையாடத் தகுதி" என்ற கட்டத்தில் சரி போட்டு என் பெயரை எழுதினேன். செமிசியிடம் போனேன். அவன் என்னைப் பார்த்து, "ரட், நான் போகலாமா?" என்று கேட்டான். என்னைத்தான் கேட்டான் லோஜி, வேறு ஒருவரையும் அல்ல. நான் "போ" என்றேன்.

இரண்டாவது மோதலில் விழுந்தான். எழும்பவில்லை.

அடுத்த நாள் அலுவலகத்தில், அரையிறுதிக்கு முதல் இது பத்திரிகைக்குப் போகக்கூடாது, சின்ன அடிதான், இரவே வீட்டுக்குப் போய்ச் சொந்த விஷயமாக விலகிவிட்டார் என்று சொல்வோம் என்றார்கள். தாள் கிழிக்கப்பட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போனேன். கதவடியில் நின்றேன். மெலே குழந்தையை மடியில் வைத்தபடி கட்டில் ஓரத்தில் தலை சாய்த்து நித்திரை. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். எத்தனை நாள் இருந்தான் என்று தினமும் வரவேற்பறைக்குப் போன் பண்ணி எண்ணினேன். அதனால்தான் பதினொன்று.

இதை அண்ணிக்கும் சொன்னதில்லை. இனி நீ என்ன செய்வதானாலும் செய்.

ஜெயரட்ணம்


தகனினி
24 செப்டம்பர் 2024

அண்ணா,

வாசித்தேன். கௌசிகனும் வாசித்தார். இரவு சமைக்கவில்லை.

முதலில் ஒன்று. என்னைச் சாட்டாதேங்கோ. "உன் தலையில் போடவில்லை" என்று எழுதிக்கொண்டே என் தலையில்தான் வைத்திருக்கிறீர்கள். நான் கொழும்பில் பயந்துகொண்டு கிடந்தது உண்மை. நீங்கள் அனுப்பிய காசில்தான் இங்கே வந்து சேர்ந்தேன் என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மண்டையைக் கொடுத்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பாவது எனக்கு இருந்திருக்கும்.

சரி, 97இல் பயந்தீர்கள். விசா, பிள்ளைத்தாய்ச்சி மனைவி, எல்லாம் விளங்குகிறது. நானும் வந்தேறிதான். ஒரு தாளில் ஒருவன் போடும் கையெழுத்துக்காகக் காத்திருப்பது என்னவென்று எனக்கும் தெரியும். போன வருடம் எதற்குப் பயந்தீர்கள்? பேட்டி எடுக்க வந்தவனிடம் "ஒருவரையும் இறக்கியதில்லை" என்று சொல்லுங்கள் என யார் உங்கள் கழுத்தைப் பிடித்தார்கள்? ஓய்வூதியம் வருகிறது, வீடு இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது. அந்தப் பொய்யை ஒருவரும் கேட்கவில்லை. படத்துக்கு அழகாக இருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மெலேயிடம் நான் சொல்லப் போவதில்லை. உங்கள் வாயால், உங்கள் பெயரில், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருடைய விலாசம் கீழே இருக்கிறது. சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

லோஜனா


ஹார்வெல் சிட்டி
17 நவம்பர் 2024

அன்புள்ள லோஜி,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். எழுதலாமா என்று தெரியவில்லை. நீ வைத்த நிபந்தனையை நிறைவேற்றிவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் அண்ணியிடம் சொன்னேன். அவ எழும்பி உள்ளே போனா. இரண்டு நாள் கழித்து வந்து, "எங்கட பிள்ளையைக் காட்டி இதைச் செய்திருக்கிறியள். அவளுக்கும் நீங்களே சொல்லுங்கோ" என்றா. மகளுக்கும் சொன்னேன். பிறகு ஒரு சட்டத்தரணிக்கு முன்னால் சத்தியக்கடதாசி முடித்தேன். கட்டம் கட்டமாக, கேள்வி பதிலாக, என் கையெழுத்து உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. தலைமைப் பிசியோ செத்துப் பத்து வருடமாகிறது. அவர்மேல் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்ற சபலம் வந்தது. போடவில்லை. மெலேக்கு ஒன்று, கழகத்துக்கு ஒன்று, இங்குள்ள பத்திரிகைக்கு ஒன்று.

கழகம் முதலில் சட்டத்தரணியின் கடிதம் அனுப்பியது. நான் வைத்த கையெழுத்தை ஞாபகப்படுத்தினார்கள். வழக்குப் போடுங்கள், நீதிமன்றத்திலும் இதையே சொல்கிறேன் என்று பதில் எழுதினேன். போடவில்லை. பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. பிறகு இன்னும் இரண்டு பழைய ஆட்டக்காரரின் மனைவிமார் பத்திரிகையைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களிடமும் இதே கதைதான். ஐம்பதாம் ஆண்டு விருந்துக்கு வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். பழைய ஊழியர் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கடையில் கண்டால் முகம் திருப்புகிறார்கள். ஒருவர் மட்டும், முன்பு எங்கள் உடுப்பறையைக் கவனித்தவர், கார் தரிப்பிடத்தில் என் தோளைப் பிடித்து, "நானும் பார்த்தனான், ரட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன கிழமை கழகம் பகிரங்கமாக அறிவித்தது. 148ஆம் பக்கத்து வரி பிழையானது. அவர் களத்தில் காயமடைந்தார். அடுத்த பதிப்பில் திருத்தப்படும். "வருந்துகிறோம்" என்ற சொல் இல்லை. 212ஆம் பக்கத்தை முழுதாக எடுக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் உடனே சம்மதித்தார்கள்.

மெலேயிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒரு முறை வந்து அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கேட்டுப் பார்ப்பாயா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

அண்ணா


தகனினி
8 டிசம்பர் 2024

அன்பின் அண்ணாவுக்கு,

அண்ணி, மகள், நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் வந்துவிட்டது. கௌசிகனின் பிரஷர் பரவாயில்லை.

மெலே உங்கள் கடதாசி வந்த அன்று வேலையிடத்துக்கு வந்து, மண்டபத்தின் நடுவில் நின்று என்னைக் கேட்டார், "உனக்குத் தெரியுமா?" என்று. செப்டம்பரிலிருந்து தெரியும் என்றேன். ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. வேறு தாதியிடம்தான் கணவனைப் பற்றிக் கேட்பார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உங்களுக்குக் கிடைக்க வேண்டியதில் கொஞ்சம் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

கழகத்தின் அறிவிப்பு வந்த பிறகு, போன ஞாயிறு மூத்த மகன் அதை அச்செடுத்துக் கொண்டுபோய்த் தேவாலயத்தில் எழும்பி நின்று வாசித்திருக்கிறான். இருபத்தேழு வயது ஆள், பாதியில் வாசிக்க முடியாமல் நின்றானாம். முன்பு பக்கத்தில் இருக்காத கிழவர் ஒருவர் எழும்பி வந்து மீதியை வாசித்தாராம். நேற்று முழுக் குடும்பமும் செமிசியைப் பார்க்க வந்தது. மகன் அவருடைய காதுக்குள் சத்தமாக, "அப்பா, நீங்கள் ஓடேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்றான். செமிசிக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. மகனின் சாப்பாட்டுத் தட்டில் இருந்த இறைச்சியை எடுத்துச் சாப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள்.

அவர்கள் போகும்போது மெலே பின்தங்கி நின்றார். நீங்கள் வரக் கேட்டதைச் சொன்னேன்.

"அவரை நான் மன்னிக்கேல்லை. மன்னிப்பன் எண்டும் சொல்லேலாது," என்றார். "ஆனா வரட்டும். பாத்திட்டு அழுதிட்டுப் போறதுக்கு வேண்டாம். வியாழக்கிழமை காலமை இவரைக் குளிக்க வாக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும். என்ர முதுகு இப்ப ஏலாது. உன்ர அண்ணனுக்குப் பாரமான ஆம்பிளையைத் தூக்கி இருத்தத் தெரியும்தானே? அந்த வேலையைச் செய்யட்டும். ஒரு வியாழன் இல்லை. வாறதெண்டால் மூண்டு மாசம் நிக்கச் சொல்லு."

இல்லத்து மேலாளரிடம் கேட்டேன். குடும்பம் சம்மதித்தால் ஆட்சேபமில்லை, பொலிஸ் நற்சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றார். அதற்கு நாள் எடுக்கும், இன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

நான் இன்னும் ஆறவில்லை அண்ணா. விமானநிலையத்துக்குக் கௌசிகன் வருவார், நான் வரமாட்டேன். வீட்டில் உங்கள் அறை கூட்டித் துடைத்து இருக்கிறது. வியாழக்கிழமைகளில் காலை ஆறரைக்கு என்னோடு காரில் ஏற வேண்டும். செமிசிக்குத் தண்ணீர் சூடாக இருந்தால் பிடிக்காது. முகம் சவரம் செய்யும்போது இடது பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் வந்தபிறகு காட்டித் தருகிறேன்.

லோஜனா